மீதமிருக்கும் கருக்களை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கலாமா?

ஒரு வாசகியின் கேள்வி:

ஐ.வி.எஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) வழியாக எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இன்னும் நான்கு கரு லேபில் உறைநிலையில் இருக்கிறது. இனிமேல் பிள்ளை வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறோம். வருடாவருடம் சேமிப்பைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. பிள்ளையில்லாத யாருக்காவது கொடுத்துவிடலாம், ரத்த தானம் மாதிரி எடுத்துக்கொள் என்கிறார் கணவர். எனக்கு அது பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பதாகவே படுகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 12

கடந்து வந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நடுவில் நிற்கிறேன். எங்களுக்கு ஒரு மகள், மூன்று கரு மீதி.

உங்கள் கணவர் சொல்வதும் எனக்கு ஒட்டவில்லை, நீங்கள் சொல்வதும் ஒட்டவில்லை. கொடுத்த ரத்தம் பதினெட்டு வயதில் நம் பெயரைக் கேட்டு வராது. அதே சமயம், லேபில் இருப்பது என் மகளும் இல்லை. ஐந்தாம் நாள் கரு என்பது நூறு, இருநூறு செல்கள். மகள் உருவான அதே தொகுதியில் இருந்த இன்னும் சில கருக்களை எனக்கு வைத்தார்கள், அவை ஒட்டவே இல்லை. அவற்றுக்காக அழுதேன். ஆனால் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த அழுகை எப்படி இருக்கும் என்பதை என் அக்கா வீட்டில் பார்த்திருக்கிறேன். என்னுடையது அது இல்லை.

அதனால் கரு என்றால் என்ன என்ற கேள்வியை நான் ஓரமாக வைத்துவிட்டேன். அது ஒட்டினால் பிறக்கப்போகும் ஆள் யார், அந்த ஆளுக்கு நான் யார் என்பதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாத கேள்வி.

ஜனவரி 12, இரவு

கேட்டதற்காக வழிகளைச் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து வைத்திருக்கலாம், வெளியே எடுத்து அழியவிடலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஐந்தாவதாக ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. கர்ப்பம் தங்க வாய்ப்பே இல்லாத நாட்களில் உங்கள் கர்ப்பப்பையிலேயே வைத்துவிடச் சொல்லலாம். சில மருத்துவமனைகள் செய்கின்றன. லேபில் முடிவதைவிடத் தன் உடம்பில் முடியட்டும் என்று நினைப்பவர்களுக்கு அது ஆறுதல்.

கட்டணத்தைக் கட்டிக்கொண்டு தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். நாங்கள் பல வருடமாக எடுத்துக்கொண்டிருந்த முடிவு அதுதான்.

ஜனவரி 15

"இத்தனை வருடம் பனியில் கிடந்த கருவில் பிறக்கிற குழந்தை நோஞ்சானாக இருக்கும், அதை இன்னொருத்தர் தலையில் கட்டாதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை.

கரு இருப்பது திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில். அந்தக் குளிரில் செல்லுக்குள் எந்த வேதிவினையும் நடப்பதில்லை. கருவுக்கு வயது ஏறாது. உறைய வைத்த கருவிலிருந்து உலகில் முதல் குழந்தை பிறந்தது 1984-ல், ஆஸ்திரேலியாவில். 1992-ல் உறைய வைத்து, பிறகு தானமாகக் கொடுக்கப்பட்ட கருக்களிலிருந்து 2022-ல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். 2025 ஜூலையில் பிறந்த ஒரு ஆண் குழந்தையின் கரு 1994-ல் உறைய வைத்தது. முப்பது வருடத்துக்கும் மேல். அதுவும் தானமாக வந்த கருதான்.

கணக்கில் வருவது முட்டை எடுத்தபோது அந்தப் பெண்ணுக்கு இருந்த வயது. முப்பத்திரண்டில் எடுத்த முட்டை என்றால், வாங்குகிறவருக்கு நாற்பத்திரண்டு ஆனாலும் கருவுக்கு முப்பத்திரண்டின் தரம். நாற்பதைத் தாண்டியவர்கள் தானக் கருவைத் தேடுவதற்கு ஒரு காரணம் இது. நாற்பத்திரண்டு வயது உடம்பு கர்ப்பத்தைத் தாங்குவதில் உள்ள ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும். அதைக் கரு மாற்றாது.

உறைய வைத்த முறையும் முக்கியம். பழைய முறையில் மெல்ல மெல்லக் குளிரவைப்பார்கள், பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும் அபாயம் அதிகம். இப்போது நொடிகளில் கண்ணாடி போல உறைய வைக்கிறார்கள். நல்ல லேபில் ஐந்தாம் நாள் கருக்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் உருக்கும்போது பிழைத்துவிடுகின்றன. பிழைப்பது வேறு, கர்ப்பப்பையில் ஒட்டுவது வேறு, கையில் குழந்தை வருவது வேறு. மூன்றைக் கொடுத்தால் மூன்று குழந்தை என்று யாரும் மனக்கணக்குப் போட வேண்டாம். ஒன்றுகூட வராமல் போகலாம்.

ஜனவரி 19

என் கணவரைப் பற்றி எழுத வேண்டும்.

என் வீட்டில் உங்களுக்கு நேர்மாறு. கொடுக்கலாம் என்றது நான், தயங்குவது இவர். "நம்ம பொண்ணு முகத்தோட ஒருத்தன் தெருவுல போவான், அவனைப் பார்த்தும் எனக்குத் தெரியாது. அதை என்னால நினைச்சுப் பார்க்க முடியல" என்றார். நான் புள்ளிவிவரம் சொன்னேன், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். இவர் மறுபடி அதே வாக்கியத்தைச் சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை.

நான் காத்திருக்கும் பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டுப் போட்டுக் கறுத்த வயிறு, ரிசல்ட் வரும் நாளில் போனைத் தொடப் பயம். அந்தப் பெண்ணாக நான் இருந்திருக்கிறேன். இவர் நினைத்தது பிறக்கப்போகும் ஆளை. கொஞ்சம் எரிச்சலாக இருந்தாலும், இவர் என்னைவிடத் தூரமாகப் பார்த்திருக்கிறார் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இருவரும் கையெழுத்துப் போடாமல் நகராது, அது சரியும்கூட. ஒருவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு: 2007-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன பிரிட்டிஷ் வழக்கு ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு உருவாக்கிய கருக்கள்தான் அவருக்கு மிச்சம். பிரிந்துபோன துணை சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். நீதிமன்றம் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்க்கவில்லை. தன் சொந்தக் கர்ப்பத்துக்கே இருவர் சம்மதம் வேண்டும் என்றால், யாரோ ஒருவருக்குக் கொடுப்பதில் ஒருவரை இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவதை நினைக்கவே கூடாது.

ஜனவரி 20

இவரை அவசரப்படுத்தப் போவதில்லை. பதிவு செய்துவைக்கிறேன்.

ஜனவரி 27

எந்த நாட்டில் என்ன சட்டம் என்று நிறையக் கேள்வி. எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் 2021-ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி கருவைப் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதன்பின் அழியவிடலாம், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகலாம். கருவை வேறொருவருக்கு மாற்றுவதைச் சட்டம் தடுக்கிறது, சொந்த உபயோகத்துக்கு எடுத்துச் செல்வதற்கு மட்டும் தேசிய வாரியத்தின் அனுமதியோடு விலக்கு. அங்கே இருப்பவர்களிடம் யாராவது "ஏற்பாடு பண்ணித் தருகிறேன்" என்றால் விலகி நில்லுங்கள். பிறக்கிற பிள்ளையின் பெற்றோர் யார் என்பதே பின்னால் கேள்வியாகிவிடக் கூடாது.

பிரிட்டனில் கொடுக்கலாம். 2022 ஜூலையிலிருந்து சேமிப்பு வரம்பை 55 வருடமாக நீட்டிவிட்டார்கள், பத்து வருடத்துக்கொரு முறை சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும். உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குப் பெற்றோர் உரிமையும் கிடையாது, கடமையும் கிடையாது. நியூசிலாந்தில் ஒவ்வொரு தானமும் நெறிமுறைக் குழு ஒன்றின் முன் போக வேண்டும், இரு தரப்பும் ஆலோசனைக்கு வர வேண்டும், ஒரே பெற்றோரின் கருக்கள் இரண்டு குடும்பத்துக்கு மேல் பரவக் கூடாது. என்னைக் கேட்டால் நியூசிலாந்துக்காரர்கள் செய்வதுதான் முறை.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம், உறைந்த கருவைக் கவனக்குறைவால் அழித்தால் அது குழந்தை மரணத்துக்கான சட்டத்தின் கீழ் வரும் என்று தீர்ப்பளித்தது. உடனே அங்கே சில மருத்துவமனைகள் ஐ.வி.எஃப் சிகிச்சையையே நிறுத்தின. அடுத்த மாதம் அவசரமாகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் மறுபடி தொடங்கின. கருவைக் குழந்தை என்று எழுதிவைத்ததும், குழந்தைக்காகக் காத்திருந்த பெண்களுக்குத்தான் முதலில் கதவு மூடியது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு மறக்காது.

பிப்ரவரி 3

இது நீளமாக இருக்கும்.

பெயர் தெரியாமல் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டும் என்று பலர் எழுதுகிறீர்கள். ஆரம்பத்தில் எனக்கும் அந்த ஆசை இருந்தது. கையெழுத்து, கதவைச் சாத்து, முடிந்தது.

முடியாது என்பதுதான் நடப்பு. ஸ்வீடன் 1985-லேயே விந்து தானத்தில் பிறந்தவர்களுக்குத் தன்னை உருவாக்கியவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமையைக் கொடுத்தது. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு தானம் கொடுத்தவர்களின் பெயரை, பிறந்த பிள்ளை பதினெட்டு வயதானதும் கேட்டுப் பெறலாம். அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் 2023-ல் அந்த வயதைத் தொட ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இன்னும் ஒரு படி போய், 2017-லிருந்து பழைய தானங்களுக்கும் பெயரைத் திறந்துவிட்டது. ரகசியமாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்து. இதெல்லாம் போக, எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் மரபணுச் சொந்தங்களைப் பட்டியல் போட்டுத் தரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. நாம் சோதனை செய்யவே வேண்டாம், நம் சித்தப்பா மகன் செய்திருந்தாலே போதும்.

அப்படியானால் ரகசியம் யாருக்காக? பிள்ளைக்காக இல்லை. முப்பது நாற்பது வயதில், பெற்றவர்கள் இறந்த பிறகு, யாரோ வாய்தவறிச் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் பேசுவதை வாசித்திருக்கிறேன். தானத்தில் பிறந்தேன் என்பதைவிட, எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது என்பதுதான் அவர்களை உடைத்திருக்கிறது.

இதை வைத்துத்தான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. கொடுக்கலாமா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். பதினெட்டு வயதில் ஒருவர் வந்து நின்றால் அவரை உட்காரவைத்துப் பேச நான் தயாரா? தயார் என்றால் கொடுக்கலாம். இல்லை என்றால் எத்தனை நல்ல எண்ணம் இருந்தாலும் கொடுக்கக் கூடாது.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர் வராமலே போகலாம். தேடவே தேடாத பிள்ளைகளும் உண்டு. நம்மைப் பார்த்து அவருக்கு ஒன்றுமே தோன்றாமலும் போகலாம். அதற்கும் தயாராக இருக்க வேண்டும், எனக்கு இது கடினமாக இருக்கிறது.

பிப்ரவரி 11

மகளுக்கு ஏழு வயது. அவள் லேபில் உருவானவள் என்று பேச்சு வந்த நாளிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறோம். மீதி இருப்பதும் தெரியும்.

"அதுல தம்பி இருக்கானா?" என்று கேட்டாள். தம்பியோ தங்கையோ ஆகக்கூடியது இருக்கிறது, இன்னும் ஆகவில்லை என்றேன். "வேற வீட்ல பொறந்தா?" "அந்த வீட்டுப் பிள்ளை. உன்னோட ஒரே மாதிரி ரத்தம் இருக்கும், ஆனா அவங்க அப்பா அம்மாதான் அப்பா அம்மா." யோசித்துவிட்டு, "அப்ப நான் பார்க்கலாமா?" என்றாள்.

எந்தச் சட்டமும் அவள் சம்மதத்தைக் கேட்பதில்லை. ஆனால் இந்த உறவை எங்கள் எல்லோரையும்விட அதிக காலம் சுமக்கப்போவது அவள். நானும் இவரும் போன பிறகும் அது முழு உடன்பிறப்பு. முட்டை தானத்திலோ விந்து தானத்திலோ பிறப்பவர்கள் பாதி உடன்பிறப்பு, இதில் இரண்டு பக்கமும் ஒன்று. இவ்வளவு பெரிய விஷயத்தை அவளுக்கு முப்பது வயதாகும்போது அவள் வேறெங்கிருந்தோ தெரிந்துகொள்ள விடமாட்டேன்.

இவர் இந்தப் பேச்சைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரவு வந்து, "பார்க்கலாம்னா எனக்குச் சரி" என்றார். இத்தனை நாள் இவர் பயந்தது, தெருவில் போகிறவனை அடையாளம் தெரியாமல் கடந்துபோவதை. யார் என்று தெரிந்தால் அந்தப் பயத்துக்கு வேலையில்லை.

பிப்ரவரி 18

"உங்கள் நல்ல மனசை ஊருக்குக் காட்டிக்கொள்ளக் கொடுக்கிறீர்கள்" என்று ஒருவர். என்னைச் சுற்றி இருப்பவர்களில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மாமியாருக்குச் சொன்னபோது "நம்ம வம்சம்" என்று ஆரம்பித்து அழுதார்கள், இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. காட்டிக்கொள்ள எனக்கு வேறு எளிய வழிகள் உண்டு.

பிப்ரவரி 26

ஆலோசகரைப் பார்த்தோம். கொடுப்பவர்களுக்கு ஆலோசனை எதற்கு, வாங்குபவர்களுக்குத்தானே வேண்டும் என்று நினைத்துப் போனேன். அவர் முதலில் கேட்டது: "கொடுக்க ஆசைப்படுகிறீர்களா, அல்லது அழிக்க மனம் வராததால் கொடுக்கிறீர்களா?"

பதில் சொல்ல முடியவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான், ஒரே படிவம், ஒரே கையெழுத்து. அழிக்க மனம் வராமல் கொடுப்பவர், கொடுத்த பிறகு அந்தக் கரு பிழைக்க வேண்டும் என்று வாங்கியவர் மேல் கண் வைத்துக்கொண்டே இருப்பார். ஒட்டவில்லை என்று செய்தி வந்தால் மனசுக்குள் அவர்களைக் குற்றம் சொல்வார். இந்தச் சுமையை ஏற்கெனவே அடிபட்ட ஒரு பெண் தலையில் வைப்பது அநியாயம்.

இன்னொன்றும் சொன்னார். நான் துக்கப்படுவது கருக்களுக்காக மட்டும் இல்லை, இனி நான் கர்ப்பம் தரிக்கப்போவதில்லை என்பதற்காகவும். இரண்டு துக்கத்தையும் தனித்தனியாக எடுத்துவைத்த பிறகு முடிவெடுங்கள் என்றார். எனக்கு ஒரு மாதம் போதாது.

மார்ச் 29

நீண்ட இடைவெளி. கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு நன்றி.

என்னை நானே இப்படிச் சோதித்தேன்: யாருமே வாங்க முன்வரவில்லை, அழியவிடுவதுதான் ஒரே வழி என்றால் தாங்குவேனா? வலிக்கும், தாங்குவேன். அந்தப் பதில் எனக்குள் உறுதியான பிறகுதான் கொடுக்க நினைப்பது விருப்பத்தினால் என்று நம்ப முடிந்தது. இவருக்கும் அதே கேள்வியை வைத்தேன். இவர் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

நிபந்தனைகள் பற்றி: என்னிடம் நீளமான பட்டியல் இருந்தது. படிப்பு, வயது, வீடு, எந்த மாதிரி வளர்ப்பார்கள். ஒவ்வொன்றாக அடித்தேன். என் மகளை நான் வளர்ப்பதற்கு யாராவது இப்படிப் பட்டியல் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? ஒன்றை மட்டும் விடவில்லை. பிள்ளைக்கு உண்மையைச் சொல்லி வளர்க்க வேண்டும், சின்ன வயதிலிருந்தே.

அதையும் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது. முகத்தைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்றுதான் வழி. அதனால்தான் அறிமுகமாகிக் கொடுப்பதைத் தேர்ந்தெடுத்தோம்.

ஏப்ரல் 14

சோதனைகள் பற்றிக் கேட்டவர்களுக்கு: எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை இருவருக்கும் மறுபடி எடுத்தார்கள். கரு உருவாக்கியபோது நமக்காக என்று செய்திருப்பார்கள், தானத்துக்கு விதி வேறு. குடும்ப நோய் வரலாறு மூன்று தலைமுறைக்குக் கேட்டார்கள். தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்) போன்றவற்றைச் சுமக்கிறோமா என்ற மரபணுச் சோதனையும் உண்டு. இருவரும் ஒரே நோயைச் சுமப்பவர்களாக இருந்தால் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சோதனையில் நமக்கே தெரியாத ஒன்று வெளிவரலாம், அது நம் பிள்ளைக்கும் பொருந்தும். ஆரம்பிக்கும் முன் அதை யோசித்துவிடுங்கள்.

மே 9

அவர்களைச் சந்தித்தோம். அடையாளம் தெரிகிற எதையும் எழுதமாட்டேன். அந்தப் பெண் கேட்ட ஒன்று மட்டும்: "குழந்தை பிறந்து உங்க பொண்ணு மாதிரியே இருந்தா, போட்டோ அனுப்பினா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா, அனுப்பலைன்னா கஷ்டமா இருக்குமா?" எங்கள் பக்கத்திலிருந்து யோசித்துக் கேட்ட கேள்வி. தெரியாது, அந்த நேரத்தில் கேளுங்கள், உண்மையைச் சொல்கிறேன் என்றேன். இவர் "அனுப்புங்க" என்றார்.

உண்மையைச் சொல்லி வளர்ப்பது பற்றி நான் ஆரம்பிக்கும் முன்பே அவர்களே பேசினார்கள்.

மே 30

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எங்கள் நாட்டு விதிப்படி கரு அவர்கள் உடம்பில் வைக்கப்படும் நிமிடம் வரை மனதை மாற்றிக்கொள்ளலாம். மாற்றமாட்டோம் என்றாலும் அந்த உரிமை இருப்பது நிம்மதியாக இருக்கிறது.

முதலில் கேட்ட தோழி நேற்று எழுதியிருந்தார். அவர்கள் கொடுக்கவில்லை, நான்கையும் அழியவிட முடிவு செய்துவிட்டார்களாம். "பதினெட்டு வயதில் வந்து நின்றால் என்னால் உட்காரவைத்துப் பேச முடியாது, அதனால் கொடுக்கவில்லை" என்கிறார். திட்டுவீர்களோ என்றும் கேட்கிறார். ஏன் திட்ட வேண்டும்? எங்கள் கேள்வி ஒன்று, பதில்கள் வேறு. தன்னால் முடியாததைத் தெரிந்துகொண்டு ஒரு ஆளை அந்த நிலைமைக்குள் பிறக்கவைக்காமல் இருந்திருக்கிறார். அதைச் சுயநலம் என்று யாராவது இங்கே எழுதினால் நான் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.

ஜூன் 2

கொடுப்பவர்கள் கடைசியில் விட்டுவிடுவது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன். நோய் வரலாறு கையெழுத்தோடு முடிவதில்லை. ஐம்பது வயதில் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் அது அந்தப் பிள்ளைக்கும் தெரிய வேண்டிய செய்தி. மருத்துவமனை மூடலாம், முகவரி மாறலாம். அதனால் அந்தக் குடும்பத்திடமும் மருத்துவமனையிடமும் தனித்தனியாகத் தொடர்பு விவரம் கொடுத்திருக்கிறோம், புதிதாக ஏதாவது தெரிந்தால் இரண்டு இடத்துக்கும் எழுதுவதாக ஒப்பந்தத்திலேயே சேர்த்தோம். மகளுக்கு வயது வந்ததும் அந்தப் பொறுப்பு அவளுக்கு வேண்டுமா என்று கேட்போம். கருவை வைக்கும் தேதி அவர்கள் விஷயம், அதை நான் கேட்கவில்லை. அவர்களாகச் சொன்னால் உங்களுக்கும் சொல்வேன், அவர்கள் சம்மதித்தால்.